சவப்பெட்டிக் கடை லாக்கர்

— இதை நான் குடிச்சிருந்தேன்னா என்ன ஆகியிருக்கும் செலி?

— ரொம்ப நல்லா ஆகியிருக்கும். குடல் பூரா பளபளன்னு இருந்திருக்கும்.

— விளையாடாதே. ஜின் பாட்டில்ல ஊத்திக் கொண்டாந்து அடுப்பு மேடையில வெச்சா மனுஷன் என்னன்னு நினைப்பான்?

— மனுஷன் காலங்காத்தால ஜின் தேட மாட்டான் போனி. கிட்டாருக்குப் பூச லாக்கர் வேணும், லாக்கர் வேணும்னு மூணு வாரமா உயிரை வாங்கினது யாரு, நானா? தேடிக் கொண்டாந்து குடுத்தா துரைக்குப் பாட்டில் பிடிக்கலையாம்.

— சரி, பொறு. எங்க கிடைச்சுது? நான் ஒலொங்காபோ ஊர் முழுக்க அலைஞ்சேனே. எந்தக் கடையில கேட்டாலும் "சுவருக்கா, கதவுக்கா"ன்னான். கிட்டாருக்குன்னா சிரிச்சான்.

— பசிங் அக்கா கடையில.

— பசிங் அக்கா சவப்பெட்டி இல்ல விக்கிறா?

— ஆமா. உன் மாதிரி ஆளுங்களுக்காகத் தனியா கிட்டார் கடை வெக்க அவளுக்கு இன்னும் தோணலை. "நல்ல சரக்கும்மா, படுத்திருக்கறவன் பார்க்க மாட்டான், அழ வர்றவங்க பார்ப்பாங்க இல்ல"ன்னு சொல்லித்தான் குடுத்தா.

— பொணத்துக்குப் பூசறதை என் கிட்டாருக்குப் பூசறதா?

— ஏன்? இதுவரைக்கும் அவ பெட்டியில படுத்தவங்க யாரும் குறை சொன்னதில்லை.

— வாய், வாய்! உன் வாய்க்கு ஒரு பூச்சு அடிக்கணும் முதல்ல.

— அடி. ஆனா அதையும் மறுநாள் சுரண்டிட்டு, "சரியா வரலை செலி, மறுபடி அடிக்கிறேன்"னு நிப்பே. எத்தனை தடவை ஆச்சு? முதல்ல பட்டறை டாசியோகிட்ட வாங்கின லாக்கர், ஜீப்னி வண்டிக்கு அடிக்கிறது. அழுத மூஞ்சி மாதிரி வடிஞ்சுது.

— ரொம்பத் தண்ணியா கலந்துட்டேன்.

— அப்புறம் மணிலாவுலருந்து வரவழைச்ச டப்பா. கண்ணாடி கணக்கா வந்துது, அதுல நான் தலையே சீவிக்கிட்டேன். சாயங்காலம் பார்த்தா உட்கார்ந்து முழுசையும் சுரண்டிக்கிட்டிருக்கே!

— எறும்பு ஒட்டிக்கிச்சு செலி.

— ஒரே ஒரு எறும்பு. அதை எடுத்துப் போட்டுட்டு ஒரு சொட்டு நகப்பூச்சு வெச்சிருந்தா போதும்னேன். ரெண்டும் ஒரே சரக்குதானே. ஊர்க்காரிங்க நகத்துக்குப் பூசிப் பூசியே இந்தக் குடும்பம் ஓடுது, எனக்குத் தெரியாதா? கேட்டியா? எனக்கும் பூச்சு பத்தித் தெரியும்னு ஒத்துக்கிட்டா உன் கௌரவம் என்னாகறது.

— கேட்காமயா உன் சிவப்பு நகப்பூச்சையெல்லாம் வாங்கிக் கலர் கலந்தேன்?

— வாங்கினியா! திருடினேன்னு சொல்லு. பங்குச்சாமியோட தங்கச்சி சிவப்பு கேட்டு வந்தா, ஊதாதான் இருக்குன்னு அனுப்பினேன். பூசைக்கு ஊதா விரலோட போய் நின்னா, பாவம்.

— சரி, பேச நேரமில்லை. நாளைக்கு மதியம் பஸ்ஸு. இன்னிக்கு அடிச்சு முடிச்சாத்தான் தொடற அளவுக்காவது காயும்.

— தெரியும். நாளைக்குப் பஸ்ஸு, அப்புறம் கப்பலு, அப்புறம் பத்து மாசம். கிழவிங்க நடனமாட நீ கிட்டார் வாசிப்பே. நான் இங்க நகம் வெட்டிக்கிட்டு இருப்பேன்.

— அவன் பேண்டுக்கு டோரிங் கூப்பிட்டான். எப்படி மாட்டேங்கறது? நம்ம பொண்ணுக்கு ஞானத்தகப்பன். எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரி பகலா கூடவே இருந்தவன்.

— அந்த ஞானத்தகப்பன்தானே "அந்தச் சொறிபுடிச்ச கிட்டாரைத் தூக்கிக்கிட்டு என் மேடையில ஏறாதே"ன்னான்?

— கப்பல்ல அப்படித்தான். அவனவன் வாத்தியம் அவனவன் கொண்டு வரணும், அதுவும் பார்க்க லட்சணமா இருக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவான்.

— சொறி எப்படி வந்துதாம்? சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கேன், அது மேல கிட்டாரைப் படுக்க வெக்காதேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வெச்சே. உறையில இருந்த பூவெல்லாம் அப்படியே கிட்டார் முதுகுல அச்சு விழுந்துது.

— பிளாஸ்டிக் பட்டா லாக்கர் இளகும்னு எனக்கென்ன தெரியும்? அந்த உறையை எடுத்துத் தொலைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— எடுத்தா சோபா அழுக்காயிடும். அது கல்யாணத்துக்கு வந்த சோபா. ஏன், பாலியுரேத்தேன் பூச்சு அடிச்சிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்குமே. கடையில டின் டின்னா கிடக்குது.

— சே சே. அது பிளாஸ்டிக் சட்டை மாதிரி. கட்டை மூச்சு விடாது.

— அடேயப்பா. அது எலக்ட்ரிக் கிட்டாரு போனி. சத்தம் கம்பியில ஆரம்பிச்சு ஒயர் வழியா ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகுது. நடுவுல கட்டை எதுக்கு மூச்சு விடணும்? நான் இங்க மூச்சு விட முடியாம நிக்கறேன், அதைப் பத்திக் கவலை இல்லை.

— பூச்சடிக்கிற கம்ப்ரஸரைப் போடு. டாசியோ சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கேட்டான்.

— பொறு. மூஞ்சில என்ன கட்டியிருக்கே?

— முகமூடி கிடைக்கலை.

— அது என் உள்பாவாடை!

— துவைச்சதுதான்.

— மாதாவே! தெருவே பார்க்குது. கப்பல்ல போட்டோ எடுப்பாங்கன்னியே, இதை எடுக்கச் சொல்லு.

— அடுப்பை அணைச்சியா? நெருப்புப் பட்டா வீடே பறந்துடும்.

— அணைச்சாச்சு. சினிகாங் குழம்பு பாதி கொதியில நிக்குது. ராத்திரி புளித்தண்ணிதான் சாப்பாடு. கிட்டாரை எங்க மாட்டியிருக்கே, துணிக்கொடியிலயா?

— ஆமா. உன் ஹேங்கர்ல.

— தொங்கட்டும். சரி, அடி.

— வானம் ஒரு மாதிரி இருக்கே. மலைப்பக்கம் கறுக்குது பாரு.

— அது நேத்துலருந்தே கறுத்துக்கிட்டுதான் இருக்கு. வெயில் அடிக்குது இங்க. அடி, அடி. நேரமாகுது.

— நிஜமாவா சொல்றே?

— நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?

— அப்ப சரி. நீ சொல்லித்தான் அடிக்கிறேன், ஞாபகம் வெச்சுக்கோ. தள்ளி நில்லு.

— ம்... நல்லாத்தான் விழுது. ஏய், அந்த ஓரத்துல விட்டுட்டே.

— பார்த்தேன். முதுகையும் திருப்பு. மெதுவா... ஹேங்கரைப் பிடி... ஆச்சு.

— ஐயையோ, தூறல்.

— ஆமா.

— போனி, என்ன இது, வெள்ளையா பூக்குது? முழுசும் பால் ஊத்தின மாதிரி ஆகுதே!

— ஆமா. ஈரக்காத்துல அடிச்சா அப்படித்தான்.

— அட பாவமே. இப்ப என்ன பண்றது? நாளைக்குப் பஸ்ஸாச்சே.

— செலி.

— என்ன?

— மழை வர்ற நேரத்துல பூச்சு போட்டா வெள்ளை பூக்கும்னு உனக்குத் தெரியாது?

— எனக்கு எப்படித் தெரியும்?

— போன மழைக்காலத்துல மேயர் வீட்டுக் கல்யாணப் பொண்ணுக்கு நகமெல்லாம் வெள்ளை பூத்துப்போய், அவ அழுது, நீ அழுது, ராத்திரி சோறு இல்லாம படுத்தோமே. அது யாரு?

— அது நகம், இது கிட்டாரு.

— சொல்லு. வானத்தைப் பார்த்துட்டுத்தானே அடி அடின்னே?

— ஆமா, பார்த்தேன். தெரிஞ்சுதான் சொன்னேன். என்ன பண்ணிடுவே? போன தடவை கப்பல்லருந்து வந்தப்போ மயூமி கதவைத் திறந்துட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க"ன்னாளே. நீ சிரிச்சே. நான் குளிக்கிற இடத்துல போய் அழுதேன். மறுபடியும் அதை என்னால பார்க்க முடியாது போனி. முடியாது.

— போகாதேன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?

— சொன்னா போகாம இருந்துடுவே. அப்புறம் ஆயுசு முழுக்க, டோரிங் பேரைக் கேட்டாலே என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவே. அதைவிட நீ கப்பல்லயே இருக்கலாம்.

— அடி என் கூறுகெட்டவளே.

— திட்டு. நல்லா திட்டு.

— நான் சின்ன வயசுலேயே டாசியோ பட்டறையில வண்டிக்குப் பூச்சு அடிச்சவன். கறுத்த வானம் எனக்குத் தெரியாதா? நீ அடின்னு சொல்ல மாட்டியான்னுதான் காலையிலருந்து காத்துக்கிட்டு நிக்கறேன்.

— என்ன சொல்றே?

— டோரிங்கிட்ட வரலைன்னு என் வாயால சொல்ல முடியாது. கிட்டார் வீணாப்போச்சுன்னா அவனே வேற ஆளைப் பார்த்துக்குவான், யாருக்கும் யார் மேலயும் கோவம் இருக்காது. அந்த எறும்பு கதை, கட்டை மூச்சு விடற கதை எல்லாம் அதுக்குத்தான்.

— எறும்பு கதையா? எறும்பு நிஜம்! நான்தானே கொடிக்குக் கீழ சர்க்கரை தூவினேன்!

— நீயா? அது தானா வந்த எறும்புன்னு நினைச்சுல்ல சாக்கா வெச்சுக்கிட்டேன்!

— பொறு, பொறு. அப்ப சோபா?

— டோரிங் போன் பண்ணின அன்னிக்கு ராத்திரிதான் படுக்க வெச்சேன். நல்லா ஒட்டணும்னு மேல ஒரு தலகாணியும் வெச்சேன்.

— என் சோபா உறையைக் கெடுத்த படுபாவி!

— அழறியா, சிரிக்கறியா?

— தெரியலை. இரு... ஐயோ, போனி.

— என்ன?

— இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? மாதாவே, நான் என்ன பண்ணுவேன்...

— என்னடி பண்ணினே?

— காலையில நீ உப்புத்தாள் வாங்கப் போனப்போ டோரிங் கூப்பிட்டான். வெள்ளை பூக்குதோ பூக்கலையோ, எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

— என்ன சொன்னே?

— நீ செத்துட்டேன்னு.

— செலி!

— நம்ப மாட்டான்னுதான் நினைச்சேன். நம்பலைதான். சிரிச்சான். அப்புறம் பசிங் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கான். அவளுக்கு என்ன தெரியும்? "செலியா? நேத்து கடைக்கு வந்தாளே, கண்ணு ரெண்டும் சிவந்திருந்துது, சரியா பேசக்கூட முடியலை"ன்னிருக்கா. லாக்கர் நெடிக்குக் கண்ணு சிவக்காம என்ன பண்ணும்? உடனே டோரிங் மறுபடி எனக்குப் போன் பண்ணி, இதைச் சொல்லி ஓன்னு அழுதான்.

— வாசல்ல யாரு ஹார்ன் அடிக்கறது?

— டோரிங்தான். முழு பேண்டையும் கூட்டிக்கிட்டு, உன் தலைமாட்டுல வாசிக்க வந்திருக்கான். மூஞ்சிலருந்து அந்தப் பாவாடையை எடுக்காதே, போய்ப் படு!