கட்டிலுக்கு அடியில் மண்புழு

சாதிக்: எடுடா அந்தப் பெட்டிய! என் கட்டிலுக்கு அடியில கொண்டாந்து...

ராக்கப்பன்: பாய், கொஞ்சம் மெதுவா...

சாதிக்: மெதுவாவா? கேம்ப் முழுக்கக் கேக்கட்டும்! முந்நூறு பேருக்குச் சமைக்கிறவன்டா நான். என் ரூம்ல புழு வளர்க்குறான் பாவி!

ராக்கப்பன்: மண்புழு பாய். வெளிய வச்சா இந்த வெயில்ல வெந்துரும். ஏசி ரூம்லதானே இருக்கு?

சாதிக்: புழுவுக்கு ஏசி, எனக்கு அடுப்படி! ...ஆமா, அது என்னத்தத் திங்குது?

ராக்கப்பன்: அது வந்து... நம்ம கக்கூஸ்ல விழுறதுதான்.

சாதிக்: யா அல்லாஹ்!

ராக்கப்பன்: பச்சையா இல்ல பாய்! ருவைஸ் தாண்டி இந்தப் பாலைவனத்துல சாக்கடைக் குழாய் ஏது? மரத்தூள் போட்டு மூடுறோம்ல... அதக் குவிச்சு வச்சு, ஒரு வருஷம் உள்ளுக்குள்ளயே சூடேறி மக்கி, லேப்ல கிருமி இல்லன்னு சொன்ன பெறகுதான் புழுவுக்கு. மோந்து பாருங்க.

சாதிக்: தள்ளிப் போடா!

ராக்கப்பன்: நாத்தமே இல்ல. நீங்க ஆக்கிப் போட்டதுதானே பாய், சுத்தி வந்திருக்கு.

சாதிக்: என் பிரியாணிய இப்பிடி ஒருத்தனும் பாராட்டுனதில்லடா.

ராக்கப்பன்: சிரிக்காதீங்க. நாளைக்கு இன்ஜினியர் அகிலா மேடம் பாக்க வர்றாங்க. புழு உசுரோட இருந்தா ஈச்சமரத்துக்கு உரம் போடுற வேலை எனக்கு. செத்துருந்தா திரும்பச் சாரத்து மேல, வெயில்ல...

சாதிக்: ...இருக்கா, செத்துருச்சா?

ராக்கப்பன்: அதான் அதிசயம்! விசா மெடிக்கல்னு ஒரு வாரம் அபுதாபில கெடந்தேன். காஞ்சு கருவாடாயிருக்கும்னு பயந்துக்கிட்டே வந்து தொறந்தா... ஈரமா இருக்கு பாய்! குட்டி குட்டியா நெளியுது!

சாதிக்: ஏசித் தண்ணி ஒழுகியிருக்கும்.

ராக்கப்பன்: ஏசி அந்தச் செவுத்துல, பெட்டி இங்க. மேல நனைச்ச சாக்கு வேற போத்தியிருக்கு.

சாதிக்: சாக்கா?

ராக்கப்பன்: அரிசிச் சாக்கு... நம்ம மெஸ் அரிசி.

சாதிக்: ...கதவச் சாத்து.

ராக்கப்பன்: ஏன், இவ்வளவு நேரம் தொறந்து வச்சுத்தானே கத்துனீங்க?

சாதிக்: வெளிய மெஸ் பசங்க நிக்கிறானுக, அவனுக காதுல விழத்தான்டா கத்துனேன்! கையுறை போட்டுத்தான் தண்ணி தெளிச்சேன், பெறகு ரெண்டு சோப்பு கரையக் கரையக் கழுவுனேன்... ஆனா தெரிஞ்சா எவன் என் சோத்தத் தொடுவான்? ம், நிக்காத. நீயும் சத்தமா எதுத்துப் பேசு... யல்லா!