ஒரு விரற்கடை இடைவெளி

குளியலறைக் கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மரம் தண்ணீரில் ஊறி உப்பி, கதவு நிலையோடு மல்லுக்கு நிற்கும். தச்சுத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, பிறகு இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவை அலைவார்கள். நான் மறந்ததில்லை. எங்கள் வீட்டுக் கதவையும் நான்தான் செய்தேன். அந்தக் கதவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன் ஐயா. மறைக்க என்ன இருக்கிறது.

அதற்கு வெகுகாலம் தாழ்ப்பாள் கிடையாது. என் தங்கைக்கு வலிப்பு வரும். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஆரம்பித்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். குளிக்கிற இடத்தில் உள்தாழ்ப்பாள் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே கழற்றிப் போட்டேன். அதற்குப் பதிலாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. குளித்து முடிக்கும்வரை அவள் எதையாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் நான் உள்ளே ஓடுவேன். அவளுக்குப் பாட்டு சுத்தமாக வராது. இந்தப் பாட்டுக்கு வலிப்பே தேவலாம் என்று கிண்டல் செய்வேன். அவள் வேண்டுமென்றே இன்னும் இழுத்துப் பாடுவாள்.

வலிப்பைப் பற்றி எங்கள் தெருவில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா, பல் கிட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று ஸ்பூனோடு ஓடிவந்தார். நான் தடுத்துவிட்டேன். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது கொடுத்து, அடங்குகிறவரை கூடவே இருக்க வேண்டும். அடங்கியதும் அவள் திருதிருவென்று விழிப்பாள். என் முகம் பிடிபட்ட பிறகுதான் அவளுக்கு உயிரே வரும். "அண்ணே, இங்கதான் இருக்கியா?" என்பாள். வேறு யாரும் என்னை அப்படித் தேடியதில்லை, ஐயா. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம், தங்கையும் என்னோடுதான் இருப்பாள் என்றேன். எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பிறகு டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். வலிப்பு நின்றுவிட்டது. முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவள் புத்தகம் பைண்டிங் செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நகக்கண்ணில் காய்ந்த பசையோடு வீட்டுக்கு வருவாள். வந்ததும் வராததுமாக அங்கே தையல் மெஷின் ஓட்டுகிறவரைப் பற்றிப் பேச்சு. அவர் இதைச் சொன்னார், அவர் அப்படிச் சிரித்தார். தனக்கு வலிப்பு உண்டு என்று அவளே அவரிடம் சொல்லிவிட்டாளாம். அதற்கென்ன, மருந்து இருக்கிறதே என்றாராம்.

மெஷின்காரர் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வலிப்பு வரப்போ கூப்பிடுவாங்களா?"

"கூப்பிட முடியாதுங்க. வரது அவளுக்கே தெரியாது. நாமதான் காதைத் தீட்டி வச்சிருக்கணும்."

அவர் தலையாட்டிக்கொண்டார். நான் சொன்னதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். நான் வருஷக்கணக்காக அவள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டதை அந்த மனிதர் ஒரு டீ ஆறுவதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இந்த வீட்டில் நான் யாருக்காக விழித்திருப்பது என்று நினைத்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அந்த வாரம்தான் மாத்திரையை மாற்றினேன். நிறுத்தவில்லை ஐயா, மாற்றினேன். சத்து மாத்திரை, அதே வெள்ளை, அதே வட்டம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது சின்னதாக ஒன்று. கூடத்தில், பாய் மேல், என் கண்ணெதிரே. கல்யாணம் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். மாத்திரையை எப்போதும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். என் உள்ளங்கையிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

"அண்ணே, இப்போல்லாம் கசக்கவே மாட்டேங்குதே."

"கம்பெனி மாத்தியிருக்காங்க, பாப்பா."

சரியென்று விழுங்கினாள்.

அப்போதுதான் தாழ்ப்பாள் கேட்டாள். வலிப்பு நின்றுவிட்டதே, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனுஷியாகக் குளிக்க வேண்டும், பாடிப் பாடி வாய் வலிக்கிறது என்றாள். நான் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். போட்டுக் கொடுத்தேன். அறிவில்லாமல் போடவில்லை. உள்ளே பூட்டினாலும், வெளியே இருக்கிற காடியில், அந்தச் சின்ன வெட்டுப் பள்ளத்தில், ஸ்குரூ டிரைவரை வைத்து அரைத் திருகு திருகினால் திறக்கும் வகை அது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஸ்குரூ டிரைவர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் குளிக்கப் போனால் நான் கதவோரம் நிற்பேன். பாட வேண்டியதில்லை என்று ஆன பிறகும் அவள் பழக்கத்தில் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று காலை மெஷின்காரரோடு வாடகைக்கு வீடு பார்க்கப் போவதாக இருந்தாள். கிளம்புகிற அவசரத்திலும் பாட்டுக்குக் குறைவில்லை. பாதி அடியில் நின்றது. குவளை விழுந்து உருண்டது. பிறகு குதிகால் கதவில் மோதுகிற சத்தம், விட்டு விட்டு. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவேன்.

கேட்டதும் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். அப்பாடா என்றிருந்தது. அதுதான் முதலில். ஸ்குரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டது, காடியிலும் வைத்துவிட்டேன். திருகவில்லை. எத்தனை மாதமாக அவள் வாயில் வேறொருவர் பேச்சுதான். ஒரு தடவை, பழையபடி ஒரே ஒரு தடவை "அண்ணே" என்று கூப்பிடட்டும் என்று நின்றேன். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது, சோப்பு நுரையோடு. என் கால் நனைந்தது. குதிகால் சத்தம் நின்றது. அப்போதும் நின்றேன். வருகிற தண்ணீரில் நுரை இல்லாமல் போன பிறகுதான் திருகினேன்.

வடிகால் ஓட்டையை உடம்பால் அடைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தேங்கிய தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மெஷின்காரர் வந்து பார்க்கும்போதும் அப்படியேதான் இருந்தேன். அவர் அழவில்லை. என் ஈரக் காலையும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வெளியிலதானே நின்னீங்க?" என்றார்.

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். வெளியில்தான் நின்றேன். மாத்திரையை மாற்றியதும் நான்தான், கதவைத் திறக்காமல் நின்றதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவளைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கதவை விட்டு ஓர் அடி நகரவில்லை நான். காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவள் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்.