பெரிய மட்டையைக் கொடுத்தவர்

நுவரெலியாவில் மகளுக்கு ஊசி போட்டுவிட்டு ராகலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் வருமோ, கம்பளி அதிகமோ என்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது, முன் சீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஜெயிக்கிற மனுசன நாந்தான் மச்சான் தோக்க வச்சேன்."

கோல்ஃப் மைதானத்தில், விளையாடுகிறவரின் பையைச் சுமந்து கூடவே நடக்கிறவராம்.

"நீ பை தூக்குறவன். அடிச்சது அந்த ஐயாதானே?"

"மட்டைய எடுத்துக் குடுத்தது நானு. இன்னும் ரெண்டு குழிதான் பாக்கி, நம்ம ஐயாதான் முன்னுக்கு. அவரு சின்ன மட்டையதான் கேட்டாரு. பனிமூட்டம் எறங்குது, பந்து தூரம் போகாது, பெருச எடுங்கன்னேன். பந்து குழியையும் தாண்டி, தண்ணி ஓடுற கானுக்குள்ள போயிருச்சு. அதோட ஆட்டமும் போச்சு."

"பெரிய வானிலை ஆபீசரு! அடுத்த தடவ ஒன்னய கூப்புட்ட மாதிரிதான்."

"கேளேன். அவரு சம்சாரம் எல்லாருக்கும் முன்னால, 'யாரு இந்த மட்டைய எடுக்கச் சொன்னது'ன்னு கேட்டாங்க. ஐயா என் பக்கம் திரும்பக்கூட இல்ல. 'நாந்தான் கேட்டு வாங்குனேன்'னாரு."



"நீ என்ன சொன்ன?"

"நாந்தான்னு சொல்ல வாய் வரல மச்சான். அவரு கால் சப்பாத்த வாங்கி, சேறு போகத் தொடச்சேன். சேறு போனப்புறமும் தொடச்சுக்கிட்டேதான் இருந்தேன்."