நான் எழுதிய நிபந்தனை

அன்று ஆய்வுக்கூடத்தின் விலங்கறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மருமகள், கால்நடை மருத்துவர், ஒரு பன்றி. கழுத்தில் டை கட்டி வந்தவன் நான் மட்டும்தான்.

விலங்குகளுக்குள் மனித ஸ்டெம் செல்களைச் செலுத்தும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழுவின் தலைவன் நான். பன்றியின் உடலில் மனிதச் சிறுநீரகம் வளர்ப்பது மருமகளின் திட்டம். உறவினர் விண்ணப்பம் வந்தால் தலைவர் எழுந்து வெளியே போக வேண்டும் என்பது விதி. அது நாணயம் இல்லாதவர்களுக்கான விதி என்று உட்கார்ந்தே இருந்தேன். சலுகை காட்டினேன் என்று எவனும் வாய் திறக்கக் கூடாதே. அதற்காக என் கைப்பட ஒரு நிபந்தனை சேர்த்தேன். விலங்கிடம் மனிதச் சாயல் தெரிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். மனிதச் சாயல் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

செல்களைத் தந்தவருக்குக் கோப்பில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். பார்வையிடப் போன அன்றுதான் மருமகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது உங்க பையன்தான், மாமா. சாகறதுக்கு முன்னாடி, உடம்பு முடியாம கிடந்தப்போ அவரே விரும்பிக் குடுத்துட்டுப் போனார்."

நான் நெகிழ்வேன் என்று நினைத்திருப்பாள், பாவம். என் வம்சம் பன்றிக் கொட்டிலில் நிற்கிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அப்போது பன்றி மெல்ல வந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மனிதச் சாயல் என்று அறிவித்தேன்.

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பன்றின்னா இப்படித்தான் சார். நேத்து குழாய் ரிப்பேர் பண்ண வந்தவர் மேலயும் சாஞ்சுது."

தலைவர் சொன்னால் சொன்னதுதான். மருமகள் அழவில்லை; எங்கள் வீட்டில் பிறர் முன்னால் அழும் பழக்கம் கிடையாது.

"அவர்ல மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான், மாமா."

திட்டத்தில் இருந்த எல்லாப் பன்றிகளையும் ஊசி போட்டுக் கொல்ல வைத்தேன். உறைபெட்டியில் இருந்த செல்களையும் ஒரு துளி விடாமல் என் கண்ணெதிரே அழிக்கச் சொன்னேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பெற்ற மகனை மறுபடி சாகடித்தவன் என்று உறவுக்குள் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. அது வெறும் பன்றி. என் மகன் ஒருநாளும் என் பக்கத்தில் வந்து நின்றதில்லை.