என் வெல்டிங் விடவில்லை

ஜீப்புக்கு எந்த ஏர் கிளீனர் நல்லது என்று யார் கேட்டாலும், கம்பெனி மாட்டி அனுப்பியதே நல்லது என்றுதான் சொல்வேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பந்தலூரில் பட்டறை போட்ட நாளிலிருந்து இதே பேச்சுதான். கம்பெனிக்காரன் ஒன்றும் மடையன் இல்லை. பானெட்டுக்குள் இடம் பார்த்து வைத்து, அடியில் எண்ணெய் ஊற்றி, எஞ்சின் இழுக்கிற காற்றைத் தூசி இல்லாமல் உள்ளே அனுப்புகிறான். அதில் நாம் கை வைப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

ராஜரத்தினம் கை வைத்தான். சிலோனில் ஹட்டன் பக்கம் எஸ்டேட் லாரி ஓட்டியவன். கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் குடியேறியவன். கொஞ்ச காலம் கொழுந்துக்கூடை சுமந்தான். பிறகு எங்கேயோ ஒரு பழைய ஜீப்பைப் பிடித்து டாக்சி ஓட்ட ஆரம்பித்தான். அந்தத் தடத்தில் அதற்கு முன்னால் என் ஜீப் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

லயனுக்குப் போக ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். பாலம் இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் பம்பருக்கு மேலே நிற்கும். அப்போது கம்பெனி ஏர் கிளீனர் காற்றோடு தண்ணீரையும் இழுத்துவிடும். எஞ்சின் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், நடு ஆற்றில் நின்றுவிடும். அதனால்தான் தண்ணீர் வற்றும்வரை கரையில் காத்திருக்கச் சொல்வேன். ஜனங்களும் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள்.

அவன் ஒரு தகரக் குழாயை வளைத்துக்கொண்டு வந்தான். ஏர் கிளீனரின் வாயில் ஒரு ரப்பர் குழாய், அது மட்கார்டுக்கு அடியில் தகரக் குழாயில் சேரும், தகரக் குழாய் கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏறும். எஞ்சின் கூரை உயரத்துக் காற்றை இழுக்கும். தண்ணீர் அவ்வளவு உயரம் வராது. கேஸ் வெல்டிங் என்னிடம்தான் இருந்தது, அதனால் நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன். வேலை என்று வந்துவிட்டால் பிடிக்காத வேலையிலும் குறை வைக்க மாட்டேன். அந்தக் குழாயைப் பிடித்து இரண்டு ஆள் தொங்கலாம்.

போன வருடம் ஆடியில் என் ஜீப் ஆற்று நடுவில் நின்றுவிட்டது. அவசரம் என்று ஜனங்கள் நச்சரித்ததால் இறக்கினேன், அது என் தப்பு. சீட்டின்மேல் ஏறி நின்று பொம்பிளைகள் கத்தினார்கள். ராஜரத்தினம் எதிரே வந்து, சங்கிலி போட்டு எங்களை இழுத்துக் கரையேற்றினான். டீக்கடை ஆறுக்குட்டி கரையில் நின்றுகொண்டு, "ஏனுங்க நல்லசாமி, கம்பெனிக்காரனுக்கு ஒரு கடுதாசி போடுங்க. அடுத்த ஜீப்புக்கு நீச்சல் பழக்கி அனுப்பட்டும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆறுக்குட்டி எப்போதும் அப்படித்தான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "மனச விட்டுறாதீங்கண்ணே. ஒங்க ஜீப்புக்கும் நானே ஒரு பைப்பு பூட்டித் தாரேன். சல்லி ஒன்னும் வேணாம்" என்றான். அத்தனை பேர் முன்னால். கட்டிய துணியோடு வந்தவன், என்னைப் பார்த்து இரக்கப்பட்டான். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. என் ஜீப்பில் வந்தவர்கள் அங்கேயே அவன் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என் வண்டிக்குத் திரும்பி வரவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை டாக்சியை எஃப்.சி.க்கு ஊட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி கொடுத்தபடி வண்டி இல்லையென்றால் சான்று கிடைக்காது. ஆகவே ராஜரத்தினம் போகும்போது குழாயைக் கழற்றுவேன், வந்ததும் திரும்ப மாட்டுவேன். எல்லாப் பட்டறையிலும் நடக்கிற காரியம்தான். இந்த வருடமும் சனிக்கிழமை ஊட்டியிலிருந்து வந்து வண்டியை என்னிடம் விட்டான். ஞாயிற்றுக்கிழமை சந்தை. காலையிலிருந்து விடாமல் மழை.

தகரக் குழாயை நிறுத்தி போல்ட்டுகளை முடுக்கினேன். மட்கார்டுக்கு அடியில் படுத்து ரப்பர் குழாயைச் சேர்த்துக் கிளிப்பையும் முடுக்கினேன். கை பழக்கம், தானாகச் செய்துவிடுகிறது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு ஆறுக்குட்டி சொன்னது ஞாபகம் வந்தது. அதைவிட ராஜரத்தினத்தின் கை என் தோளில் இருந்தது ஞாபகம் வந்தது. கிளிப்பைத் தளர்த்தி ரப்பர் குழாயை உருவிவிட்டேன். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வெளியே குழாய் ஜம்மென்று நின்றது. எஞ்சின் கம்பெனி சொன்ன இடத்திலிருந்தே காற்றை இழுத்தது.

"பைப்பு நல்லாப் பூட்டியாச்சாண்ணே? ஆத்துல தண்ணி கூடிப்போச்சாம்" என்று ராஜரத்தினம் வந்து கேட்டான்.

"மாட்டியாச்சுங்க. தைரியமாப் போங்க" என்றேன்.

அரிசி மூட்டையை நானே தூக்கி வைத்தேன். லயனிலிருந்து சந்தைக்கு வந்த கிழவி மருதாயிக்கு முட்டி மடங்காது, கைகொடுத்து ஏற்றினேன். நல்லாயிரு சாமி என்றாள். அதே லயன் அய்யாவு பின்னால் தொற்றிக்கொண்டான். ராஜரத்தினத்தின் மகள் சின்னம்மை முன்சீட்டில் இருந்தாள். ஏழு வயசு இருக்கும். மழைச்சாரல் அடிக்கிறதே என்று அவள் பக்கத்துத் தார்பாயை நான்தான் இழுத்துக் கட்டினேன். பிள்ளைகள்மேல் எனக்கு எப்போதும் பிரியம் உண்டு.

வண்டி போன பிறகு ஆறுக்குட்டி கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஆள் ஓடி வந்து சொன்னதும் கயிறோடு முதலில் போனவன் நான்தான். அதையும் யாரும் மறுக்க முடியாது. ஜீப் நடு ஆற்றில் சாய்ந்து கிடந்தது. மருதாயியும் ராஜரத்தினமும் கீழே பாறை இடுக்கில் கிடைத்தார்கள். அய்யாவு மட்டும் மரக்கிளையைப் பிடித்துப் பிழைத்தான். எஞ்சின் நின்றதும் ராஜரத்தினம் மகளைத் தூக்கி அந்தக் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னானாம். அவள் ரொம்ப நேரம் பிடித்திருந்தாளாம். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததில் கை விட்டுவிட்டது. குழாய் விடவில்லை. மறுநாள் ஜீப்பை மேலே இழுத்தபோது போய்ப் பார்த்தேன், வெல்டிங்கில் ஒரு கீறல்கூட இல்லை.

உங்களுக்கு நல்ல மனசு, ஐயா. கவனக்குறைவு என்று எழுதி, அபராதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறீர்கள். என் சம்சாரமும் வாசலில் நின்று அதற்கே கையெழுத்துப் போடச் சொல்லி அழுகிறாள். ஆனால் நேற்று ஆறுக்குட்டி கடையைத் தாண்டி வரும்போது என் காதில் விழுந்தது. அய்யாவு உட்கார்ந்துகொண்டு, "நல்லசாமிக்கு வயசாகிப்போச்சு. கிளிப்ப ஒழுங்கா முறுக்கத் தெரியல. அதான் தண்ணியில கழண்டுக்கிச்சு" என்கிறான். சுற்றி இருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று உயிர் போனதற்கு என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், அது உங்கள் வேலை. ஆனால் கவனக்குறைவு என்கிற வார்த்தையை அடித்துவிடுங்கள். நான் முடுக்கிய கிளிப் தானாகக் கழலாது, ஐயா. நான்தான் கழற்றினேன். ஆறுக்குட்டி கடைக்குப் போய் அய்யாவுவிடம் அதைச் சொல்ல ஒரு ஆளை அனுப்புங்கள்.