வழியில நிக்காத வேன்

நிறுத்த முடியாது தம்பி. பின்னாடி உக்காந்திருக்காரே ஹார்லன், அவருக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில டாக்டரப் பாக்கணும். பத்தேகாலுக்குப் போய் நின்னா, மூணு மாசம் கழிச்சு வான்னு தேதி போட்டுக் குடுத்துருவாங்க. அவசரம்தான், புரியுது. கெளம்பும்போதே சொன்னேன்ல, காபி வேணாம்னு? ரெண்டு கப் குடிச்சீங்க.

இன்னும் எழுபது மைல். நடுவுல ஒண்ணும் கெடையாது. இது மொன்டானா, உங்க வாஷிங்டன் இல்ல.

ஹார்லன் சீட்டுக்கு அடியில காலி காபி டப்பா ஒண்ணு இருக்கு. பழைய சிப்பாய்ங்கள ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போற இந்த வேன்ல வர்ற எல்லாருக்கும் அவசரத்துக்கு அதுதான். வியட்நாம்ல சண்ட போட்ட மனுஷன், எழுபத்தெட்டு வயசு, அவரே... வேணாமா? ஹார்லன், தம்பிக்கு உன் டப்பா புடிக்கலையாம்! கேட்டீங்களா, என்ன சொல்றாருன்னு? அரசாங்கத்த நம்பிக் கெடந்த இத்தன வருஷத்துல ஒழுகாம இருந்த ஒரே சாமான் அதுதானாம்.

சிரிங்களேன். சிரிச்சா கஷ்டமோ?

வாஷிங்டன்ல உங்க பட்ஜெட் ஆபீஸ் போன வருஷம் அனுப்புன ஆட்சேபணைக் கடிதத்த நான் படிச்சேன். படைத்தளம் கட்டுறதுக்கும் பழைய சிப்பாய்ங்க வைத்தியத்துக்கும் சேத்துப் பணம் ஒதுக்குற மசோதா. அதுல எங்க ஊருக்கு ஒரு கிளினிக் போட்டிருந்தாங்க. நீங்க அது வேணாம்னுட்டீங்க. ஒரே ஒரு வரி. இப்போதுள்ள வேன் வசதியே போதுமானது. அந்த வரிய எழுதுனது நீங்கதான்னு காலையில நீங்களே சொன்னீங்க. அதனாலதான் ஹார்லனப் பின்னாடி அனுப்பிட்டு, உங்கள முன்னாடி உக்கார வெச்சேன்.

இந்த வருஷமும் எழுதணுமாமே. நேர்ல பாத்துட்டு எழுதலாம்னு நோட்டும் கையுமா வந்திருக்கீங்க. நல்ல புள்ள. பாருங்க.

வேர்க்குதா? கண்ணாடிய எறக்கிக்குங்க. எம்மேல கோவப்பட்டு என்ன ஆகப் போவுது?

அந்த வேலி தெரியுதா, ஒத்தக் குதிர நிக்குதே? போன மார்ச்ல இந்த எடத்துக்கு வரும்போதுதான் என் வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னாரு. வெர்லின்னு பேரு. நீங்க இருக்குற சீட்டுலதான் இருந்தாரு. என்னப் பாத்து, ஆர்டித், நெஞ்ச என்னமோ பண்ணுது, கொஞ்சம் ஓரமா நிறுத்துன்னாரு. இருதய டாக்டரப் பாக்க அஞ்சு மாசம் காத்துக் கெடந்து கெடச்ச தேதி. அத விட முடியுமா? வண்டி ஓட்டுனது நான்தான். சின்னப் புள்ளையாட்டம் பண்ணாதய்யா, வாய மூடிட்டு வான்னு ஒரு அதட்டு போட்டேன்.

அப்புறம் அவரு பேசல. தூங்குறாருன்னு நெனச்சு ரேடியோ சத்தத்தக் கொறச்சேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிறுத்திட்டு அவரத் தொட்டு எழுப்புனேன், ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு. மணியப் பாத்தேன். ஒம்பது அம்பது. பத்து நிமிஷம் முன்னாடியே போயிட்டோம்.

நோட்ட எடுங்க தம்பி. பத்து நிமிஷம் முன்னாடியேன்னு எழுதிக்குங்க. இந்த வருஷக் கடிதத்துக்கு ஆவும்.