கை எடை

— கையில தூக்கிப் பாக்காதீங்க பெரியவரே. கீழ வைங்க.

— பழக்கம், பரசு. இருவத்தெட்டு வருசமா கீப்பென்னாத்தூர் மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டை மூட்டை எடை போட்ட கையி. தராசு முள்ளு ஆடி நிக்கறதுக்குள்ள சொல்லிடுவேன், இதுல ஈரம் இருக்குது, இதுல மண்ணு இருக்குதுன்னு. இருசப்பன் கை பொய் சொல்லாதுன்னு யாவாரிங்களே சொல்லுவாங்க.

— போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அதான் கீழ வைக்கச் சொல்றேன்.

— சரி, வெச்சிட்டேன். இந்தா, இந்தச் சீட்டு. இதுல இன்னா பவர் சப்ளை எழுதியிருக்குதோ அதையே குடு. ஒரு எழுத்து கூட மாறக் கூடாது.

— இது நம்ம முருகவேல் எழுத்தாச்சே.

— எம்புள்ள எழுத்துதான். போன வருசம் கம்ப்யூட்டருக்கு சாமான் வாங்கறப்ப அவனுக்குப் பரீட்சை. மத்ததெல்லாம் வாங்கிட்டேன் நைனா, இது ஒன்னு மட்டும் வாங்கினு வான்னு எழுதிக் குடுத்து அனுப்பினான். நீ இந்த டப்பாவத்தான் எடுத்து வெச்ச.

— எடுத்து வெச்சேன். நீங்க வேணான்னுட்டீங்க.

— லேசா இருந்துச்சு பரசு. பக்கத்துல இருந்தது நல்ல கனம். கனமா இருந்தா உள்ள சரக்கு இருக்குதுன்னு அர்த்தம்னு நெனச்சேன். விலையும் கம்மி. நீயும் ஒன்னும் சொல்லல.

— எங்க சொல்ல விட்டீங்க? கடையில நாலு பேரு நின்னாங்க. ஒரு கையில அது, ஒரு கையில இதுன்னு தூக்கிப் புடிச்சி, "பருப்பு இல்லாத கடலக்காய என் தலையில கட்டப் பாக்கறியா"ன்னு சிரிச்சீங்க. அவங்களும் சிரிச்சாங்க. எனக்கும் ரோசம். வாங்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்பு, இல்லன்னு சொல்லல.

— அந்தப் பழசக் கொண்டாந்திருக்கிறேன். தொறந்து காட்டு.

— எரிஞ்சி போனதத் தொறந்து இன்னா ஆகப்போகுது?

— எது கனமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்.

— வேணாம் பெரியவரே.

— தொறடா.

— சரி, கிட்ட வாங்க. இது ஃபேன். இதெல்லாம் கருகிப் போனது. மேல ஐந்நூறு வாட்ஸ்னு ஒட்டியிருக்கான், இருநூறு தாங்கினா பெரிசு. முருகவேல் படம் பண்றதுக்குப் போட்ட கார்டு மட்டுமே அதுல பாதிய முழுங்கிடும்.

— மூலையில இருக்குதே, அது?

— இரும்புத் துண்டு.

— அது இன்னா வேலை செய்யும்?

— ஒரு வேலையும் செய்யாது. ஒரு ஒயர் கூட அதுக்குப் போகல பாருங்க. தூக்கிப் பாத்து வாங்கறவங்களுக்குன்னே வெக்கிறது.

— மூட்டையில கல்லு போட்டுக் கொண்டாந்தவன எத்தினி பேரப் புடிச்சிருப்பேன் தெரியுமா? அவுத்துக் கொட்டுடா எல்லாரும் பாக்கட்டும்னு, கமிட்டி நடுவுல நிக்க வெச்சி.

— ஒக்காருங்க. டீ சொல்றேன்.

— வேணாம். இதுதான் அவன் ஆமைய கொன்னுச்சா?

— எந்த ஆமை?

— அவன் பண்ண பொம்மைப் படம். ரெண்டு நிமிசம்தான். ஒரு ஆமை, தனியா, மலையச் சுத்துது. ஐதராபாத்துல ஒரு கம்பெனிக்கு அனுப்பணும், அவங்களுக்குப் புடிச்சா வேலை. பதினோரு மாசம் ஒக்காந்தான். எட்டு லிங்கத்துல குபேர லிங்கம் வரைக்கும் தாண்டிடுச்சு நைனா, இன்னும் ஈசானியம் ஒன்னுதான் பாக்கின்னான். அன்னைக்கி சாயங்காலம் கொல்லையில பம்ப்செட்டு மோட்டார் எல்லாம் ஓடுது, கரண்டு கம்மியாயி திரும்ப வந்துச்சு. டப்புன்னு ஒரு சத்தம். பொகை.

— டிஸ்க்கையும் சேத்து எரிச்சிடுச்சு. நான்தானே பாத்தேன். அதுலருந்து ஒன்னும் எடுக்க முடியல.

— கம்பெனிக்காரன் சொன்ன தேதி போயிடுச்சு. பத்து நாளு சுவரப் பாத்துக்கினு படுத்திருந்தான். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனிக்குப் போயிட்டான். நாள் பூரா ஒரே ஸ்க்ரூவ முடுக்கறானாம். போன் பண்ணா, "சாப்ட்டியா நைனா"ன்னு கேக்கறான், வெச்சிடறான். ஒரு வார்த்தை திட்டியிருந்தான்னா கூட எனக்குச் சோறு எறங்கும்.

— தீபத்துக்கு வர்றானா?

— வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. கொடி ஏத்திட்டாங்க, இன்னும் ஒம்போது நாளு. அவன் வந்து சுவிட்சப் போட்டா அது ஓடணும் பரசு. மறுபடியும் ஒக்காருவான் இல்ல?

— டிஸ்க்கு புதுசு போட்டுட்டேன். இதையும் மாட்டினா ஓடும். ஆமைய மட்டும் திரும்பக் கொண்டார முடியாது.

— உன்கிட்ட ஒன்னு சொல்லணும். சொன்னா திட்டக் கூடாது.

— சொல்லுங்க.

— அன்னைக்கி வீட்டுக்குப் போயி எம்புள்ளகிட்ட பொய் சொன்னேன். சீட்டுல எழுதினது கடையில இல்லடா, அதவிட ஒசத்தின்னு பரசுதான் இதக் குடுத்தான்னு. ஒம்மேல போட்டுட்டேன். அவன் அத நம்பி, நான் என் கையால எடுத்துக் குடுக்க, வாங்கி மாட்டினான்.

— நம்பல பெரியவரே.

— இன்னா சொல்ற?

— இப்ப நான் தொறந்தேனே, மேல ஒட்டியிருந்த சீலு ஏற்கெனவே கிழிஞ்சிருந்துச்சு. பாத்தீங்களா?

— யாரு கிழிச்சது?

— முருகவேல்தான். நீங்க வாங்கிட்டுப் போன மறுநாளு, பரீட்சை முடிஞ்சதும் நேரா இங்க வந்தான், இதப் பையில போட்டுக்கினு. சீட்டுல எழுதின டப்பா கண்ணாடி அலமாரியில இருக்கறதப் பாத்தான். நடந்ததச் சொன்னேன். இதத் தொறந்து இரும்பையும் பாத்தான். மாத்திக்கடா, மேல ஒன்னும் தர வேணாம், நேத்துலருந்து எனக்கும் மனசு சரியில்லன்னு சொன்னேன்.

— மாத்திக்கலையா?

— நல்ல டப்பாவ கையில எடுத்தான். ரொம்ப நேரம் வெச்சிருந்தான். நைனா வாங்கினது ஒரு வருசம் தாங்குமாண்ணேன்னு கேட்டான். தெரியலன்னேன்.

— அப்புறம்?

— நல்லத என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டான். இந்த இரும்ப இருந்த எடத்துலயே வெச்சி மூடி, ஸ்க்ரூவ முடுக்கிக்கினே சொன்னான்: "மாட்டறப்ப எங்க நைனாதான் எடுத்துக் குடுப்பாரு. லேசா இருந்தா மாத்திட்டேன்னு ஒடனே கண்டுபுடிச்சிடுவாரு. கனமாவே இருக்கட்டும்ண்ணே."